பழைய சிக்மா, டாம்ரான், டோக்கினா லென்ஸ்கள் நிக்கான் இசட் 6 டூ-வில் எதுவரை வேலை செய்யும்?

தண்ணீர்மலை_ஃபிரேம் (பினாங்கு) எழுதியது:

டி750 டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ் இசட் 6 டூ-வுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். கூடவே எஃப் மவுண்ட் லென்ஸை இசட் பாடியில் மாட்ட எஃப்டிஇசட் 2 அடாப்டர். கையில் இருப்பதெல்லாம் நிக்கான் எஃப் மவுண்ட்தான், ஆனால் ஒன்றுகூட நிக்கான் லென்ஸ் கிடையாது.

சிக்மா 35 மிமீ எஃப் 1.4 ஆர்ட்
சிக்மா 50 மிமீ எஃப் 1.4 ஈஎக்ஸ் (ஆர்ட்டுக்கு முந்தியது)
டாம்ரான் 70-200 எஃப் 2.8 ஜி2
டாம்ரான் 90 மிமீ மேக்ரோ, 272ஈ
டோக்கினா 11-16 எஃப் 2.8, முதல் வெர்ஷன்

வேலை கல்யாணம், தைப்பூசம், நடுவில் கொஞ்சம் நகைக்கடை மேக்ரோ. கடையில் கேட்டால் "எல்லாம் ஏறும் பாஸ்" என்கிறார்கள். ஏறட்டும், ஃபோகஸ் ஆகுமா? எதை வைத்துக்கொள்ள, எதைத் தள்ளிவிட? தெரிந்தவர்கள் லென்ஸ் வாரியாகச் சொன்னால் நல்லது.

---

செந்தூல்_50 (கோலாலம்பூர்) எழுதியது:

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

எஃப் மவுண்டின் உலோக வளையத்திலிருந்து சென்சார் வரைக்கும் 46.5 மிமீ. இசட் மவுண்டில் அது 16 மிமீ. மீதி 30.5 மிமீ இடைவெளியை அடாப்டர் நிரப்புகிறது. அதனால் ஐந்து லென்ஸும் ஏறும், ஐந்திலும் தூரத்துக் காட்சி வரை ஃபோகஸ் போகும். இதற்கு மேல் பார்க்க வேண்டியது மூன்று: அபர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துவாரத்தை) யார் மூடுவது, ஃபோகஸ் வளையத்தை யார் திருப்புவது, லென்ஸுக்குள் இருக்கும் சிப் பாடியோடு ஒழுங்காகப் பேசுகிறதா.

அபர்ச்சர் பற்றிக் கவலை வேண்டாம். 70-200 ஜி2-இல் அது மின்சாரத்தில் இயங்கும்; மற்ற நாலிலும் பின்பக்கம் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளுவதற்கென்றே எஃப்டிஇசட் உள்ளே ஒரு குட்டி மோட்டார் வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் ஃபோகஸில். டி750 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் உண்டு. மவுண்டில் ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் மோட்டார் இல்லாத லென்ஸைத் திருப்பியது. எஃப்டிஇசட் முதலாவதிலும் அது இல்லை, இரண்டாவதிலும் இல்லை. லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருந்தால்தான் ஆட்டோ ஃபோகஸ்.

லென்ஸைக் கவிழ்த்துப் பின்பக்க உலோக வளையத்தைப் பாருங்கள். தட்டைத் தலை ஆணி போல நடுவில் வெட்டு உள்ள ஒரு சின்ன வட்டம் தெரிந்து, தங்க நிறப் பின்கள் ஐந்து மட்டும் இருந்தால் அது ஸ்க்ரூ வகை. மோட்டார் உள்ளவற்றில் அந்த வெட்டு இருக்காது, பின்களும் கூடுதலாக இருக்கும்.

இந்தக் கணக்கில் டோக்கினா முதல் வெர்ஷன் மேனுவல் ஃபோகஸ்தான். நிக்கான் மவுண்டுக்கு மோட்டார் வைத்து வந்தது 2012-இல் வந்த இரண்டாம் வெர்ஷன். இரண்டின் மேலும் 11-16 என்றே எழுதியிருப்பதால் செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களில் கலந்து விற்கிறார்கள். டாம்ரான் 272ஈ-யிலும் இதே கதை. பெயரின் கடைசியில் "என்2" இருந்தால் மோட்டார் உண்டு, வெறும் 272ஈ என்றால் இல்லை.

ஆனாலும் 90 மேக்ரோவை விற்காதீர்கள். மோதிரக் கல்லை நெருங்கி எடுக்கும்போது ஆட்டோ ஃபோகஸை நம்பி யார் இருக்கிறார்கள்? இசட்டில் வியூஃபைண்டருக்குள்ளேயே பெரிதாக்கிப் பார்க்கலாம், பீக்கிங் (கூர்மையான விளிம்புகளை நிறத்தில் காட்டுவது) போட்டுக்கொள்ளலாம். சிப் உள்ள லென்ஸ் என்பதால் ஃபோகஸ் சரியாக விழுந்ததும் புள்ளி பச்சையாக மாறும். டி750-இன் கண்ணாடித் திரையை விட இதில்தான் மேக்ரோ சுகம். லென்ஸில் அபர்ச்சர் வளையம் இருந்தால் மட்டும் அதைப் பெரிய எண்ணில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மறந்தால் பாடி எரர் காட்டும்.

டோக்கினா டிஎக்ஸ் லென்ஸ், அதாவது ஃபுல் ஃபிரேமை விடச் சின்ன சென்சாருக்கானது. பாடி அதைத் தானாக அடையாளம் கண்டால் டிஎக்ஸுக்கு மாறிவிடும், இல்லையென்றால் மெனுவில் இமேஜ் ஏரியாவை நீங்களே மாற்ற வேண்டும். 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கும். ஃபுல் ஃபிரேமில் விட முடிந்தால் 15-16 மிமீ பக்கம் மூலை கறுத்தாலும் படம் நிறையும். காவடிக் கூட்டத்துக்குள் நின்று எடுக்க மேனுவலாகவே சமாளிக்கலாம்: டிஎக்ஸில் 11 மிமீ, எஃப் 5.6, ஃபோகஸை 1.1 மீட்டரில் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அரை மீட்டரிலிருந்து கோபுரம் வரை கூர்மையாக இருக்கும். டேப் ஒட்டுவதற்கு முன், லென்ஸில் எழுதியிருக்கும் தூரம் உண்மையான தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று அளவு நாடா வைத்து ஒரு தடவை சரிபாருங்கள்.

---

பாயான்லெப்பாஸ்_ஷட்டர் (பினாங்கு) எழுதியது:

அண்ணன் ஸ்க்ரூ லென்ஸ் இரண்டையும் முடித்துவிட்டார். மோட்டார் உள்ள மூன்றுக்கு வருவோம். இந்த மூன்றிலும் தொல்லை ஃபர்ம்வேரில்தான் (லென்ஸுக்குள் ஓடும் மென்பொருளில்) வரும்.

நிக்கானின் பேச்சுமுறையை சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பாடி என்ன கேட்கிறது, லென்ஸ் என்ன சொல்லணும் என்று பார்த்துப் பார்த்து அவர்களே கட்டியது. அன்றைக்கு இருந்த பாடிக்கு அது சரியாக இருந்தது. 2018-இல் இசட் 6, இசட் 7 வந்தபோது கேள்வி கேட்கும் விதமே மாறிப்போனது. அதனால் டாம்ரான் எஃப்டிஇசட்-க்காகவே ஃபர்ம்வேர் விட்டது, 70-200 ஜி2 அந்தப் பட்டியலில் உண்டு. அதை ஏற்ற, லென்ஸைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டாப்-இன் கன்சோல் வேணும். சிக்மா 35 ஆர்ட்டுக்கு அதே வேலையைச் செய்யும் யூஎஸ்பி டாக். இரண்டுமே மவுண்ட் வாரியாக விற்பவை. கேனன் மவுண்ட் டாக் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால் உங்கள் லென்ஸ் அதில் உட்காராது. விலைக்கு வாங்குமுன் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு லென்ஸுக்கு ஒரே ஒரு முறை தேவைப்படுகிற சாமான்.

டாக்கில் லென்ஸை மாட்டி, கம்ப்யூட்டரில் செருகி, அவர்கள் மென்பொருளைத் திறந்தால் புது ஃபர்ம்வேர் இருப்பதை அதுவே சொல்லும். இன்டர்நெட் வேணும். ஓடும்போது கேபிளைத் தொடாதீர்கள், லேப்டாப் தூங்கவும் விடாதீர்கள். அப்படியே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள்: டி750-க்காக டாக் வழியாக ஏதாவது ஃபோகஸ் திருத்தம் ஏற்றியிருந்தால் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது அடிப்பக்கத்தில் இருக்கும் தனி சென்சார், படம் விழுவது வேறு சென்சார். இரண்டுக்கும் இடையிலான பிசகைச் சரிசெய்யத்தான் அந்தத் திருத்தம். மிரர்லெஸ்ஸில் படம் விழுகிற சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது.

50 ஈஎக்ஸ்தான் இடிக்கும். மோட்டார் உண்டு, ஆனால் டாக் வராத காலத்து லென்ஸ். உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை நீங்கள் மாற்ற முடியாது, சர்வீசுக்குத்தான் போகணும். அதனால் பணம் கட்டுமுன் லென்ஸைக் கடைக்கே கொண்டுபோய் அவர்கள் பாடியில் மாட்டிப் பாருங்கள். கால் மணி நேர வேலை:

எஃப் 1.4, எஃப் 5.6, எஃப் 16 மூன்றிலும் அபர்ச்சர் முன்னுரிமையில் ஒரே சுவரை எடுங்கள். மூன்றும் ஒரே வெளிச்சத்தில் வரணும். எஃப் 16 மட்டும் வெளுத்தால் அபர்ச்சர் முழுதாக மூடவில்லை.

கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றி இருபது முறை ஃபோகஸ். பச்சைப் புள்ளி வந்தும் படம் மங்கலாக இருப்பது எத்தனை என்று எண்ணுங்கள். இருபதுக்கு ஒன்று பரவாயில்லை. நாலு வந்தால் தாலி கட்டும் நேரத்துக்கு அந்த லென்ஸை நம்ப முடியாது.

கேமராவைத் தானாகத் தூங்கவிட்டு, பட்டனை அழுத்தி எழுப்புங்கள். பத்து முறை. பொருந்தாத சிப் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். எழுந்ததும் ஃபோகஸ் அசையாது, அல்லது அபர்ச்சர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு தெரியும்.

70-200-க்கு விசி-யையும் (டாம்ரானின் ஸ்டெபிலைசர், கை ஆட்டத்தைச் சமாளிப்பது) சோதியுங்கள். பாடிக்குள்ளும் ஸ்டெபிலைசர், லென்ஸுக்குள்ளும் ஸ்டெபிலைசர். ஒன்றை ஒன்று தெரியாமல் இரண்டும் வேலை செய்தால் படம் இன்னும் ஆடும். 200 மிமீ, 1/25 வினாடி, விசி போட்டுப் பத்து, அணைத்துப் பத்து. வியூஃபைண்டரில் காட்சி குதித்தாலே தெரிந்துவிடும், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கக்கூட வேண்டாம்.

---

பத்துமலை_கிளிக் (கோலாலம்பூர்) எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணே. கேனன் ஆர்6, ஒரிஜினல் ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர். ஆம்கார்ப் மால் ஞாயிற்றுச் சந்தையில் எடுத்த ஃபிலிம் காலத்து சிக்மா ஜூம். முழுசாகத் திறந்து வைத்தால் படம் வருகிறது, எஃப் 8 வைத்தால் எரர் 01. அடாப்டர் மாற்றினால் சரியாகுமா?

---

செந்தூல்_50 எழுதியது:

ஆகாது தம்பி. அடாப்டர் பணத்தை மிச்சம் பண்ணுங்கள்.

கேனன் ஈஎஃப் 1987-இல் வந்தபோதே அபர்ச்சர் முழுக்க மின்சாரத்தில், நெம்புகோலே கிடையாது. உங்கள் லென்ஸின் சிப் அன்றைய ஃபிலிம் பாடிகளின் கட்டளையை மட்டும் கற்றுக்கொண்டது. டிஜிட்டல் பாடி "எஃப் 8-க்கு மூடு" என்று சொல்லும் விதம் அதற்குப் புரியவில்லை. முழுசாகத் திறந்திருக்கும்போது மூடச் சொல்லும் கட்டளையே போகாது, அதனால்தான் அப்போது மட்டும் படம் விழுகிறது. இந்தக் குறை பழைய கேனன் டிஎஸ்எல்ஆர்களிலும் இருந்ததுதான், அங்கே எரர் 99 என்று வரும். அடாப்டர் வெறும் 24 மிமீ குழாயும் கம்பியும், மொழிபெயர்க்கும் வேலை அதற்கு இல்லை. ஒரு காலத்தில் சில மாடல்களுக்கு சிக்மாவே சிப் மாற்றிக் கொடுத்தது. சந்தையில் எடுத்த ஜூமுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கேனனில் புது சிக்மா ஆர்ட் மாட்டுகிறவர்களுக்கும் ஒன்று. மெனுவில் லென்ஸ் அபரேஷன் கரெக்ஷன் முழுவதையும் அணையுங்கள். சில சிக்மா லென்ஸ்கள் தம்மை ஏதோ ஒரு கேனன் லென்ஸின் அடையாள எண்ணில் அறிமுகம் செய்துகொள்ளும். பாடி அதை நம்பி அந்த லென்ஸுக்கான திருத்தத்தை உங்கள் படத்தின் மேல் போடும், நடுவிலிருந்து வட்ட வட்டமாக நிறம் தெரியும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயந்து விற்பவர்கள் உண்டு.

சோனிக்காரர்கள் கேட்குமுன்: கேனன் மவுண்ட் சிக்மாவை சோனி பாடியில் மாட்டும் எம்சி-11 அடாப்டருக்கு சிக்மா பொறுப்பேற்பது 2012-இலிருந்து வந்த ஆர்ட், கன்டெம்பரரி, ஸ்போர்ட்ஸ் வரிசைக்கு மட்டும்.

---

ஜார்ஜ்டவுன்_நிழல் (பினாங்கு) எழுதியது:

மேலே வந்த சோதனைப் பட்டியலில் ஒரு திருத்தம். இருபது முறை ஃபோகஸ் பார்ப்பதை எஃப் 1.4-இல் மட்டும் செய்தால் போதாது. இசட் பாடி நீங்கள் வைத்த அபர்ச்சரிலேயே ஃபோகஸ் பார்க்கும், எஃப் 5.6 வரைக்கும்; அதற்கு மேல் எண் வைத்தாலும் ஃபோகஸுக்கு 5.6-இல் நிற்கும். டி750 எப்போதும் முழுசாகத் திறந்து பார்த்தது. மண்டபத்தில் லைட் அணைத்துவிட்டுக் கேக் வெட்டும்போது குழுப் படத்துக்காக எஃப் 5.6 வைத்தால், 1.4-ஐ விடப் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் ஃபோகஸுக்குக் கிடைக்கும். லென்ஸ் முன்னும் பின்னும் தேடும், பழி மட்டும் சிக்மா மேல் விழும். அந்த நேரம் எஃப் 2.8-க்கு இறங்குங்கள்.

அடாப்டர் போட்டால் பின் வரிசை இரண்டு இடத்தில் சேர்கிறது, லென்ஸ்-அடாப்டர், அடாப்டர்-பாடி. நம்ம ஊர் ஈரத்தில் பின்கள் மங்கிப் போகும், பழைய லென்ஸில் கேட்கவே வேண்டாம். விட்டு விட்டு வரும் எரருக்கு ஃபர்ம்வேரைத் திட்டுவதற்கு முன், 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாக நனைத்து நாலு பக்கமும் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். குச்சியிலிருந்து சொட்டக் கூடாது.

மழை விஷயம். எஃப்டிஇசட் 2-வும் பாடியும் தாங்கும். ஆனால் 35 ஆர்ட்டின் மவுண்டில் ரப்பர் வளையம் இல்லை, 70-200 ஜி2-இல் உண்டு. தண்ணீர்மலைப் படிக்கட்டில் மழை பிடித்தால் 35-ஐ உள்ளே வையுங்கள். 70-200 ஒன்றரைக் கிலோ. கையில் தூக்கும்போது லென்ஸைப் பிடித்துத் தூக்குங்கள், பாடியைப் பிடித்தால் பாரம் முழுக்க அடாப்டர் இணைப்பில் விழும். எஃப்டிஇசட் 2-வில் டிரைபாட் பாதம் கிடையாது, லென்ஸ் காலரில்தான் மாட்டணும்.

---

தண்ணீர்மலை_ஃபிரேம் எழுதியது:

கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். டோக்கினாவில் வெட்டு உள்ள வட்டம் இருக்கு, பின் ஐந்து. 90-இலும் அதேதான், அபர்ச்சர் வளையமும் இருக்கு. 35-உம் 70-200-உம் டாக் கிடைத்ததும் அப்டேட். சனிக்கிழமை 50-ஐ எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். டோக்கினாவை விற்றுவிடலாமா, வைத்திருக்கலாமா?

---

செந்தூல்_50 எழுதியது:

விற்பதானால் இப்போதே, டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கும் ஆளிடம். ஆனால் டி3000, டி5000 வரிசைப் பாடிகளிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லை, டி7000 வரிசையிலிருந்துதான் உண்டு. விளம்பரத்தில் "முதல் வெர்ஷன், லென்ஸில் மோட்டார் இல்லை" என்று எழுதி, பின்பக்கப் படத்தையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் மறுநாள் திருப்பிக்கொண்டு வருவார்.