வாங்கின பழைய லாரி காலைல மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, இன்ஜின் இறக்கணுமா?

ஒத்தை_ஸ்டியரிங்:
எல்லாருக்கும் வணக்கம். பதினஞ்சு வருசமா அடுத்தவங்க வண்டிய ஓட்டிட்டு இப்பதான் சொந்தமா ஒண்ணு எடுத்திருக்கேன். புதுசு இல்ல, 26 வருசம் ஓடின வண்டி, ஆறு சிலிண்டர், பழைய மெக்கானிக்கல் பம்ப்பு, சென்சார் கம்ப்யூட்டர் ஒண்ணும் கிடையாது, அதுக்காகவே எடுத்தேன். பிரச்சினை என்னன்னா ராத்திரி நிறுத்திட்டு காலைல செல்ஃப் அடிச்சா சுத்துது சுத்துது பிடிக்கவே மாட்டேங்குது. நாலஞ்சு தடவை அடிச்சப்புறம் ரெண்டு சிலிண்டர் மட்டும் வேலை செய்யற மாதிரி தடதடன்னு உதறி வெள்ளைப் புகைய கக்கிட்டு ஒரு நிமிசத்துல தானா சரியாயிடுது. அதுக்கப்புறம் நாள் பூரா எத்தனை தடவை ஆஃப் பண்ணினாலும் தொட்டா ஸ்டார்ட். இழுவையும் குறை சொல்ல முடியாது.

ஒரு மெக்கானிக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்த அமுக்கற அழுத்தம்) போச்சு, இன்ஜின இறக்கி போர் பண்ணுன்னு (சிலிண்டர உள்ளுக்குள்ள கடைஞ்சு சரி பண்ணுன்னு) சொல்றார். இன்னொருத்தர் டீசல பீச்சற நாசில் ஆறையும் மாத்துங்கறார். வித்தவர்கிட்ட கேட்டா பழைய வண்டின்னா அப்படித்தான், காலைல கொஞ்சம் ஈத்தர் ஸ்பிரே அடிச்சு விடுங்கன்னு சிரிக்கிறார். கைல இருந்தத எல்லாம் போட்டு வாங்கியாச்சு, இன்ஜின் இறக்கற நிலைமைல நான் இல்ல. என்ன பண்ணலாம்?

கிரீஸ்_கை:
தம்பி, இன்ஜின்ல யாரையும் கை வைக்க விடாத. மொதல்ல இத பாத்து சொல்லு. காலைல செல்ஃப் அடிக்கறப்ப, ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி, சைலன்சர் வாயில புகை வருதா? ஒரு ஆள பின்னாடி நிக்க வச்சு பாரு, நீ கேபின்ல உக்காந்துட்டு கண்ணாடில பாத்தா தெரியாது. வெள்ளையா வந்துச்சுன்னா டீசல் உள்ள போகுது ஆனா எரியல, அப்பதான் கம்ப்ரஷன், டைமிங், செல்ஃப் வேகம் இதெல்லாம் யோசிக்கணும். சுத்தமா ஒண்ணுமே வரலைன்னா டீசலே போய்ச் சேரலைன்னு அர்த்தம், அதுக்கு எதுக்கு போர்?

ஈத்தர் பக்கமே போகாத. ஸ்டார்ட் ஆக உள்ள சூடு பண்ற ஹீட்டர் இருக்கற இன்ஜின்ல அடிச்சா இன்டேக்லயே டமார்னு வெடிச்சிடும், ஹீட்டர் இல்லாததுலயும் தினமும் அடிச்சு பழக்கினா பிஸ்டன் ரிங்கு உடையும். இப்ப நல்லா இருக்கற இன்ஜின நீயே கெடுத்துக்காத. செல்ஃபயும் ஒரே மூச்சுல அடிக்காம 15 செகண்ட் அடிச்சா ரெண்டு நிமிசம் ஆற விடு.

லோடு_முக்கியம்:
நான் நேரா சொல்றேன் கோவிச்சுக்காதீங்க பாஸ், வித்துட்டு வேற பாருங்க. நானும் உங்கள மாதிரி பழசுதான் நம்ம கைக்கு அடங்கும்னு நினைச்சு எடுத்து மூணு வருசம் வச்சிருந்தேன். பெரிய ரிப்பேர் ஒண்ணும் வரல, சின்னச் சின்னதாவே வந்துச்சு, இன்னைக்கு வாட்டர் பம்ப்பு, நாளைக்கு கிளட்ச், அடுத்த வாரம் ஹப் சீல். ஒவ்வொண்ணும் சின்ன செலவுதான், ஆனா வண்டி நிக்கற நாள யாரும் கணக்குல எழுதறது இல்ல. லோடு கொடுக்கறவன் ரெண்டு தடவை பாப்பான், மூணாவது தடவை போன எடுக்க மாட்டான்.

மண்_வெட்டி:
லோடு சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா புது வண்டி மட்டும் நிக்காதா? சென்சார் ஒயர எலி கடிச்சா போதும், ஸ்பேனர வச்சுக்கிட்டு வேடிக்கைதான் பாக்கணும். பழசுல கோளாறு எங்கன்னு கண்ணால பாத்துடலாம், தேட பொறுமை வேணும் அவ்வளவுதான்.

எங்கிட்ட லாரி இல்ல, பழைய லோடர் மிஷின் ஒண்ணு இருக்கு. உங்களோடத விட வயசு ஜாஸ்தி. அச்சு அசலா இதே கதை. ஒரு மெக்கானிக் பேச்ச கேட்டு ஹெட்ட இறக்கி வால்வு அரைச்சு புது கேஸ்கட் போட்டு நாசில் எல்லாம் டெஸ்ட் பண்ணி திரும்ப மாட்டினா மறுநாள் காலைல அதே சுத்து சுத்துது. கடைசில பாத்தா ஃபில்டர் ஹவுசிங்ல பைப் சேர்ற இடத்து காப்பர் வாஷர், மோதிரம் சைஸ்ல ஒண்ணு, பழசையே திருப்பித் திருப்பி போட்டு ஒரு ஓரம் தேஞ்சு போய் கிடக்கு.

கம்ப்ரஷன் பயம் தெளியணும்னா ஒரு வேலை பண்ணுங்க. இன்ஜின் சூடானப்புறம் ஐடிலிங்ல ஆயில் ஊத்தற மூடிய கழட்டி அந்த ஓட்டை மேலயே தலைகீழா சும்மா வைங்க. லேசா ஆடினா பரவால்ல, துள்ளி கீழ விழுந்து புகையும் குபுகுபுன்னு வந்தா ரிங்கு தேஞ்சிருக்கு. மீட்டர் இருந்தா பேட்டரியும் பாத்துடுங்க, 24 வோல்ட் வண்டில செல்ஃப் அடிக்கறப்ப 19க்கு கீழ இறங்கினா பேட்டரி வீக், இல்லைன்னா சேசிஸ்ல வர்ற எர்த் கேபிள் துரு.

ஒத்தை_ஸ்டியரிங்:
மூடி வச்சேன், லேசா நடுங்குச்சு, விழல. வோல்ட் 21ல நிக்குது. காலைல பையன பின்னாடி நிக்க வச்சு அடிச்சேன், மூணு தடவை வரைக்கும் பொட்டுப் புகை இல்லப்பான்னு கத்தறான், நாலாவதுதான் வெள்ளையா வந்துச்சு. அப்ப டீசல் வரலைன்னுதானே அர்த்தம்? ஆனா பம்ப்பு பக்கம், பைப் பக்கம் எங்கயும் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லையே அண்ணே.

கிரீஸ்_கை:
ஈரம் இருக்காது தம்பி, இருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்க. டேங்குல இருந்து, டீசல இழுத்துக் கொடுக்கற லிஃப்ட் பம்ப்பு வரைக்கும் உறிஞ்சற லைன். அதுல ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். வண்டி ஓடறப்ப கொஞ்சமா காத்து வந்தாலும் ரிட்டர்ன் லைன்ல டேங்குக்கு போயிடறதால உனக்கு தெரியாது. ராத்திரி பூரா நிக்கறப்ப காத்து புகுந்து டீசல் மெதுவா டேங்குக்கு இறங்கிடுது, காலைல வெறும் பைப்ப உறிஞ்சிட்டு கிடக்கு. பகல்ல அரை மணி ஒரு மணி நேரம் நிறுத்தினா அந்த அளவு இறங்கறதுக்கு நேரம் இல்ல, அதான் தொட்டா ஸ்டார்ட்.

நாளைக்கு காலைல செல்ஃப் அடிக்கறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரைமர (கையால டீசல ஏத்தற சின்ன பம்ப்பு) அமுக்கு. எத்தனை தடவைல கெட்டியாகுதுன்னு எண்ணு. கெட்டியானப்புறம் அடிச்சு உடனே பிடிச்சா கேஸ் முடிஞ்சுது. அப்புறம் சாயந்திரம் டேங்கு லைன கழட்டிட்டு ஒரு கேன்ல டீசல் வச்சு தனி ஹோஸ்ல லிஃப்ட் பம்ப்புக்கு கொடு, ராத்திரி அப்படியே நிக்கட்டும். காலைல ஒழுங்கா எடுத்தா குத்தம் டேங்கு பக்கம், எடுக்கலைன்னா பிரைமர், ஃபில்டர் வாஷர், லிஃப்ட் பம்ப்பு வால்வு இதுல ஒண்ணு. கேன பம்ப்ப விட கீழ வை, மேல வச்சா டீசல் தானா இறங்கி வந்து உன்ன ஏமாத்திடும்.

ரிவெட்டு:
நடுவுல வர்றேன். இன்ஜின பாக்கற நேரத்துல வண்டிக்கு அடியிலயும் ஒரு தடவை படுத்து பாத்துடுங்க. ஸ்பிரிங் ஹேங்கர் பக்கம், கிராஸ் மெம்பர் (சேசிஸ் குறுக்குச் சட்டம்) ரிவெட் பக்கம் பெயின்ட் மேல மெல்லிசா துருக்கோடு ஓடிச்சுன்னா அது அழுக்கு இல்ல, உள்ள வெடிப்பு. இன்ஜின எப்ப வேணா மாத்தலாம், சேசிஸ் போனா வண்டியே இல்ல. விக்கறவன் புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சு வச்சிருந்தா அந்த இடத்தத்தான் மொதல்ல சுரண்டணும்.

ஒத்தை_ஸ்டியரிங்:
கிடைச்சிருச்சு! மொத நாள் பிரைமர் 38 தடவை அமுக்கினேன், அப்புறம்தான் கெட்டியாச்சு, அடிச்சேன், அரைச் சுத்துல பிடிச்சுது. கேன் வச்ச மறுநாள் பிரைமர தொடவே இல்ல, அப்பவும் உடனே எடுத்துச்சு. டேங்கு லைன பூரா கழட்டி பாத்தா கிராஸ் மெம்பர் மேல வளையற இடத்துல ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில முடி மாதிரி வெடிப்பு. வெளிய பாத்தா தெரியாது, மடக்கினாதான் வாய் பொளக்குது. ஒரு முழ ஹோஸ், ரெண்டு கிளிப்பு, அவ்வளவுதான். இன்னையோட நாலு நாளாச்சு, காலைல தொட்டா ஸ்டார்ட். போர் பண்ணணும்னு சொன்னவர்கிட்ட அந்த ஹோஸ் துண்ட கொண்டு போய் காட்டினேன், சரி அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்ங்கறார்!

ரிவெட்டு சொன்னபடி அடியிலயும் படுத்தேன், சேசிஸ் தேவலாம். ஆனா முன் வீல ஜாக்கில தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா டொக்குன்னு சத்தம் வருது. கிங் பின்னா (முன் வீல் திரும்பறதுக்கு அச்சுல இருக்கற பின்), வீல் பேரிங்கா?

கிரீஸ்_கை:
ஒரு ஆள பிரேக்க அமுக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டு. சத்தம் நின்னா பேரிங், நிக்கலைன்னா கிங் பின். ஜாக்கிய மட்டும் நம்பாம அச்சுக்கு அடியில கட்டை கொடுத்துட்டு பண்ணு.