சீன மாணவர்களின் ஆங்கிலம்: கண்ணுக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை (அனுபவப் பகிர்வு)

வூஹான்வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சீனாவில் பள்ளிப் பிள்ளைகளோடு பழகும் தமிழர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால்தான் இந்த இழை. மொழித் தேர்வுகள் பற்றிய ஆய்வுக்காக நான் வூஹானில் இருக்கிறேன். அந்த வேலையாக ஹூபெய் மாகாணத்துச் சிறு நகரம் ஒன்றின் மேல்நிலைப் பள்ளியில், கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலக் கேட்டலிலும் வாசிப்பிலும் சோதனைகள் வைத்தேன். பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

காவ்காவ் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விவரம். அதுதான் சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஜூன் 7ஆம் தேதி தொடங்கும். ஆங்கிலம் 8ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு, 120 நிமிடம், 150 மதிப்பெண். இங்கே எழுதும் தேசியத் தாளில் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50. மிச்சம் இடம் நிரப்புவதற்கும் இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் போகிறது. கேட்டல்தான் முதலில் வரும். மற்றப் பாடங்களுக்கு ஒருவர் பதினைந்து நிமிடம் வரை தாமதமாக வந்தாலும் உள்ளே விடுவார்கள். ஆங்கிலத்துக்கு 2.45-க்கே கதவை அடைத்துவிடுவார்கள். ஒலிப்பதிவு ஓடும்போது பக்கத்துத் தெருக்களில் ஹார்ன் அடிக்கக் கூடாது, கட்டட வேலையையும் நிறுத்திவைப்பார்கள். இவ்வளவு கவனமாகப் பாதுகாக்கப்படும் அந்த இருபது நிமிடம் மாணவர்களிடம் எதை அளக்கிறது என்பதைத்தான் நான் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

கேட்டல் பகுதியில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். முதல் ஐந்து குட்டி உரையாடல்கள் ஒரே தடவைதான் ஓடும். பிறகு வரும் நீண்ட உரையாடல்களும் தனிப்பேச்சும் இரண்டு தடவை. கேள்வியும் மூன்று விடைகளும் தாளிலேயே அச்சாகியிருக்கும். ஒலி தொடங்குமுன் அவற்றைப் படிக்கக் கேள்விக்கு ஐந்து வினாடி தருகிறார்கள். அந்த ஐந்து வினாடிக்குத்தான் மூன்று ஆண்டுப் பயிற்சியும். விடைகளை வேகமாகக் கண்ணால் மேய்ந்து, மூன்றும் எங்கே வேறுபடுகின்றன என்று பென்சிலால் கோடு போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் காதைத் திறந்து வைத்திருப்பார்கள். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குக் கேட்டலிலும் மதிப்பெண் கூடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அதைச் சோதித்துப் பார்க்க விடைகளை எடுத்துவிட்டேன். ஏறக்குறைய ஒரே கடினத்தில் இரண்டு பத்திகள். வகுப்பில் பாதிப் பேர் முதல் பத்தியைக் கேட்டு, இரண்டாவதை வாசிக்க வேண்டும். மற்றப் பாதிக்கு இது தலைகீழ். புரிந்ததையெல்லாம் சீன மொழியிலேயே எழுதச் சொன்னேன், ஆங்கிலத்தில் எழுத வராதது குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக. வாசித்தவர்கள் யார், எங்கே, ஏன் என்று கோவையாக எழுதினார்கள். கேட்டவர்களின் தாளில் ஆங்காங்கே பிடிபட்ட பெயர்ச்சொற்கள் கிடந்தன, நடுவில் ஊகித்து இட்டுக்கட்டிய கதை. கேட்ட பத்தியை அச்சில் கொடுத்ததும் வகுப்பு முழுக்க ஒரே முணுமுணுப்பு. அதில் அவர்களுக்குத் தெரியாத சொல் அநேகமாக ஒன்றுமே இல்லை.

ஏன் இப்படி? காவ்காவுக்கு 3500 சொற்கள் என்று ஒரு கணக்கு இங்கே எல்லாருக்கும் மனப்பாடம். விடியற்காலை வாசிப்பு நேரத்தில் சொற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் உரக்கப் படிப்பார்கள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, முழு அழுத்தத்தோடு வாயிலிருந்து வரும். இயல்பான பேச்சில் ‘வாட் டிட் யூ’ என்பது ‘வாடிஜு’ என்று ஒரே மூச்சில் ஓடும்போது, அவர்களுக்குத் தெரிந்த மூன்று சொற்களில் ஒன்றுகூட அங்கே கேட்பதில்லை. பொதுச் சீன மொழியான மாண்டரினில் அசைகள் உயிரொலியிலோ, மூக்கொலியிலோ, நாக்கைச் சுருட்டும் ரகரத்திலோதான் முடியும். அதனால் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் ‘ட்’, ‘ப்’, ‘க்’ ஆகியவை காதில் தங்காமல் போய்விடுகின்றன. இறந்தகாலத்தைக் காட்டுவதே பல வினைகளில் அந்தக் கடைசி ‘ட்’தானே! வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாத ஒரு மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு, அங்கே கவனிக்க ஏதோ இருக்கிறது என்றே தோன்றுவதில்லை.

எண்களும் அப்படித்தான். சீனத்தில் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள். ஏழு லட்சத்தை ஆங்கிலத்தில் எழுநூறு ஆயிரம் என்று கேட்டு, எழுபது பத்தாயிரம் என்று மனதுக்குள் மாற்றி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு வாக்கியங்கள் போயிருக்கும். கணக்கில் புலியாக இருந்த ஒரு மாணவி இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நின்றுபோனாள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வாசிப்பில் வகுப்பின் கடைசிச் சிலரில் ஒருவன். விடைகள் அச்சிட்ட வழக்கமான கேட்டல் தேர்விலும் அப்படியே. விடைகள் இல்லாத என் சோதனையில் அவன் எழுதிய தாள் வகுப்பின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. விசாரித்தேன். விடுதியில் போனுக்கு அனுமதி இல்லை. மாத விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் பாட்டி தூங்கிய பிறகு அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையைக் கேட்பானாம். அவனுடைய காது இவ்வளவு கூர்மையானது என்று சொல்ல அந்தப் பள்ளியின் எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஒரு கட்டம் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

குவாங்தொங் ரீச்சர்

தம்பி, நல்ல இழை. நான் கனடாவில் வளர்ந்த யாழ்ப்பாணத்து ஆள். இங்கே குவாங்தொங்கில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எங்கள் மாகாணத்தில் முறை வேறு. 2011 முதல் கேட்டலையும் பேசுதலையும் சேர்த்துக் கணினியில் ஒரு தனிச் சோதனையாக வைக்கிறார்கள். அதற்கு இப்போது 20 புள்ளிகள். ஜூன் மாத எழுத்துத் தாளில் கேட்டலே இல்லை.

மூன்று பகுதி. முதலில் ஒரு சிறு காணொளியைப் பார்த்து, அதே வேகத்தில் அதே ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க வேண்டும். இரண்டாவது, ஒருவரோடு கதைப்பது போல மூன்று கேள்வி கேட்டு ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது, ஒரு கதையை இரண்டு தரம் கேட்டுவிட்டுத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். நீங்கள் விடைகளை எடுத்துவிட்டுச் செய்து பார்த்தீர்களே, அது இங்கே சோதனைக்குள்ளேயே இருக்கிறது. விளங்காத பிள்ளை ஊகத்தில் தப்ப முடியாது. இது வந்த பிறகு பள்ளிக்கூடங்களில் ஹெட்போனும் பயிற்சி மென்பொருளும் வாங்கினார்கள், வகுப்பில் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். அந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் கதையைத் திருப்பிச் சொல்லும்போது ஒரு சிக்கல். மாண்டரினில் ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். கதையில் வருவது ஒரு கிழவி என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். வாய் மட்டும் பாதி வழியில் ‘ஹீ’ என்று போய்விடும். கேட்டு விளங்கிக்கொண்டதற்கும் சொல்லத் தெரிந்ததற்கும் ஒரே புள்ளி என்பதால், காது செய்த வேலை அங்கே மறைந்துபோகிறது.

இன்னொன்று, அறையின் இரைச்சல். வரிசையாக உட்கார்ந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். மெல்லப் பேசும் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் சத்தத்தில் தன் கதையையே மறந்துவிடுகிறார்கள். என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளை, பயிற்சியில் அழகாகச் சொல்பவள், மாதிரிச் சோதனையில் இரண்டு வசனத்தோடு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே இரைச்சலுக்குள் வைத்துத்தான் பயிற்றுகிறேன். அசல் சோதனை வரும்போது அவள் முழுக் கதையும் சொன்னாள் என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நிங்போ மாணவன்

அண்ணா, அக்கா, நான் மலேசியா. சீனத் தொடக்கப் பள்ளியில் படித்ததால் மாண்டரின் வரும், இப்போது நிங்போவில் பட்டப் படிப்பு. என் அறைத் தோழர்கள் எல்லாரும் காவ்காவ் எழுதி வந்தவர்கள். கேட்டல் என்று சொன்னாலே அவர்கள் ஒரே குரலில் ஒப்பிக்கும் ஒரு வரி இருக்கிறது: ‘சட்டையின் விலை ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ், ஆகவே சி என்ற விடையைத் தேர்ந்தெடுக்கவும்.’ தேர்வின் தொடக்கத்தில் ஓடும் எடுத்துக்காட்டுக் கேள்வி அது. அந்தக் குரல், அந்த வேகம், அந்த இடைவெளி எல்லாம் அவர்களுக்கு வீட்டுக் குரல் மாதிரி பழகிவிட்டது. நான் ஆங்கிலத்தில் பேசினால் மட்டும் முதல் வாரம் முழுக்க ‘மறுபடி சொல்’ என்றார்கள். பதிவில் வருவதெல்லாம் ஸ்டூடியோவில் நிதானமாகப் பேசும் பிரிட்டிஷ், அமெரிக்கக் குரல்கள்தான். உலகத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பேசுவதில்லையே.

நிங்போ இருக்கும் ஜெஜியாங் மாகாணத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இங்கே ஆங்கிலத் தேர்வை இரண்டு தடவை எழுதலாம், கூடுதலான மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். 2018 நவம்பர் தேர்வு முந்தைய ஆண்டை விடக் கடினமாக இருந்தது என்று சொல்லி, சில கேள்விகளுக்கு மட்டும் பிறகு மதிப்பெண்ணைச் சரிக்கட்டினார்கள். மதிப்பெண் வெளியானதும் மாணவர்களும் பெற்றோரும் கொந்தளித்தார்கள். டிசம்பரில் மாகாண அரசே விசாரித்து, அது தவறான முடிவு என்று அறிவித்துப் பழைய மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தது. கல்வித் துறைத் தலைவரின் பதவியும் போயிற்று. என் மூத்த மாணவர் ஒருவர் அந்த நவம்பரில் எழுதியவர். அந்த இரண்டு வாரமும் தனக்கு எந்த மதிப்பெண் நிற்கும் என்றே தெரியாமல் இருந்ததாகச் சொன்னார். இரண்டு தடவை தேர்வு வைப்பது மாணவருக்கு நல்லதுதான். ஆனால் இரண்டும் ஒரே கடினத்தில் இருக்கும்படி தாளைத் தயாரிக்கும்போதே பார்த்திருக்க வேண்டும்.

வூஹான்வாசி

அக்கா, தம்பி, இருவருக்கும் நன்றி. அக்கா சொன்ன இரைச்சல் விஷயம் இங்கேயும் உண்டு, வேறு விதத்தில். ஹெட்போன் இல்லை. கரும்பலகைக்கு மேலே ஓர் ஒலிபெருக்கி, அதற்கும் பின்வரிசைக்கும் நடுவில் ஓடும் மின்விசிறிகள். பின்வரிசைப் பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்து அதே மாதிரிச் சோதனை வைத்தபோது சிலருடைய விடைகள் கண்கூடாகக் கூடின. நகரத்துப் பள்ளிக்கும் கிராமத்துப் பள்ளிக்கும் வசதி ஒன்றாக இல்லை என்பதால்தான் சில மாகாணங்கள் கேட்டலை மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காமலே இருந்தன. மிச்சமுள்ள 120-ஐ ஒன்றேகால் மடங்காக்கி 150 ஆக்கிவிடுவார்கள். நோக்கம் நியாயமானது. ஆனால் மதிப்பெண் இல்லாததை எந்தப் பள்ளி சொல்லித்தரும்? ஒலிபெருக்கி வாங்கித் தந்திருக்க வேண்டிய இடத்தில் காதையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் இதில் நட்டம் அதிகம், ஏனென்றால் பள்ளிக்கு வெளியே அவர்கள் ஆங்கிலம் கேட்க வழியே இல்லை.

வாசிப்பைப் பற்றி நான் முதலில் அதிகம் எழுதவில்லை. அங்கேயும் அவர்களைத் தடுக்கும் ஓர் இடம் இருக்கிறது, நமக்கு அது உடனே புரியும். ‘நேற்று சந்தையில் வாங்கிய புத்தகம்’ என்று தமிழில் விவரத்தையெல்லாம் முன்னால் வைப்போம், சீனத்திலும் அதே வரிசைதான். ஆங்கிலம் புத்தகத்தை முதலில் சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் தொங்கவிடும். மூன்று வரி நீள வாக்கியம் வந்தால் மாணவர்கள் பென்சிலால் அடைப்புக்குறி போட்டுத் துண்டுதுண்டாக வெட்டி, பின்னாலிருந்து முன்னால் படிக்கிறார்கள். தாளில் இது நடக்கும், கண் திரும்பிப் போகலாம். ஒலியில் திரும்பிப் போக வழி இல்லை. ஏழு வாக்கியங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் பத்தியில் பொருத்தும் பகுதி ஒன்று உண்டு. அதில் முழு மதிப்பெண் வாங்கும் மாணவி, அதே போன்ற பத்தியை நான் உரக்கப் படித்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே கையைத் தூக்கிவிடுகிறாள். மெதுவாகப் படிக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வாக்கியத்தின் தொடக்கத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். முடிவு வருவதற்குள் தொடக்கம் அவளிடம் தங்கவில்லை.

எதிர்மறைக் கேள்விகளும் இப்படித்தான். ‘உனக்குப் பிடிக்கவில்லையா?’ என்று கேட்டால், பிடிக்காதவர் நம்மைப் போலவே சீனரும் ‘ஆமாம், பிடிக்கவில்லை’ என்பார். ஆங்கிலத்தில் அதற்கு ‘நோ’ என்று பதில் வரவேண்டும். குட்டி உரையாடலில் அந்த ‘நோ’ ஒரே தடவைதான் ஓடும். அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர்களோடு இப்போது ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதத் தேர்வுக்குப் பிறகு ஒரு பத்தியை விடைகள் இல்லாமல் ஓடவிட்டு, சீனத்தில் எழுதச் சொல்லி, அந்த மதிப்பெண்ணைத் தனிக் கட்டத்தில் போடுகிறார்கள். பிறகு அச்சுப் பிரதியைக் கொடுத்து, தெரிந்த சொல் எது காதுக்குத் தப்பியது என்று மாணவரே அடிக்கோடிட வேண்டும். தாங்கள் தவறவிட்ட கேள்விகளுக்கு அவர்கள் ஏற்கெனவே ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள், அதிலேயே இதற்கும் சில பக்கங்கள். கூடைப்பந்துப் பையனுடைய கட்டத்தில் முதல் மாதமே நல்ல எண் விழுந்தது. இப்போது வகுப்பு ஆசிரியை அவனைத்தான் பதிவை நிறுத்தி நிறுத்தி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார்.

அக்கா, உங்கள் ஊரில் கதையைத் திருப்பிச் சொல்வதைச் சீனத்தில் சொல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? ‘ஹீ’, ‘ஷீ’ குழப்பம் நீங்கினால் கேட்டல் மட்டும் எவ்வளவு என்று அதில் பிரிந்து தெரியலாம். ஷாங்காயிலோ பெய்ஜிங்கிலோ பள்ளிப் பிள்ளைகளோடு இருப்பவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள். பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேசுதலும் சேர்ந்து 150-இல் 50 மதிப்பெண், அதுவும் கணினியில். அவ்வளவு மதிப்பெண் வந்த பிறகு அங்கே வகுப்பறை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.