சாலி-ஆன் பெர்க்ஸ் எங்கே போனாள்?

நண்பர்களே, ஹாரி பாட்டர் புத்தகங்களை வரி விடாமல் படித்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

1997இல் வந்த முதல் புத்தகம், 7ஆம் அத்தியாயம். பேசும் மந்திரத் தொப்பியைத் தலையில் வைத்து, புது மாணவர்களுக்கு விடுதி பிரிக்கிறார்கள். பாட்டீல் இரட்டையர் முடிந்ததும் 'பெர்க்ஸ், சாலி-ஆன்' என்று கூப்பிடுகிறார்கள். அடுத்த பெயரே ஹாரிதான். தொப்பி அவளுக்கு எந்த விடுதி சொன்னது? ஒரு வார்த்தை இல்லை. அத்தனை பேர் முன்னால் அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்த 11 வயதுப் பிள்ளை, பாவம்.

ஐந்தாம் புத்தகம், 31ஆம் அத்தியாயம், செய்முறைத் தேர்வு. ஆசிரியர் ஃப்ளிட்விக் பெயர் வாசிக்கிறார்: பான்ஸி பார்க்கின்சன், பத்மா பாட்டீல், பார்வதி பாட்டீல், ஹாரி பாட்டர். ஆங்கில அகரவரிசைப்படி பார்வதிக்கும் ஹாரிக்கும் நடுவில் சாலி-ஆன் வர வேண்டும். வரவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன்.

இடையில் உள்ள மூன்று புத்தகங்களில் அவள் பெயரோ, பள்ளியை விட்டுப் போனதாக ஒரு குறிப்போ யார் கண்ணிலாவது பட்டதா? அவளை வைத்து ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூலத்துக்கு முரணாக எதுவும் வந்துவிடக் கூடாது. அத்தியாயமும் பதிப்பும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.