லேடெக்ஸ் உள்ளாடை போட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு, என் அனுபவத்த சொல்றேன், உங்களோடதையும் சொல்லுங்க

வணக்கம் தோழிகளே. சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கேன், வயசு 43, ரெண்டு பிள்ளைங்க, தாதி வேலை. லேடெக்ஸ், அதாவது மெல்லிசான ரப்பர்ல செய்யற உள்ளாடை பத்தி நம்ம பொண்ணுங்க யாராவது தமிழ்ல மனசு விட்டு சொல்லியிருக்காங்களான்னு அப்ப தேடுனேன், ஒண்ணுமே கெடைக்கல, கெடச்சதெல்லாம் ஆம்பளைங்க பாக்கறதுக்காக எழுதின மாதிரி இருந்துச்சு, படிக்கவே கூசுச்சு. எனக்கு வேண்டியிருந்தது வேற. இது உடம்புக்கு ஒத்துக்குமா, இந்த ஊரு புழுக்கத்துல தாங்குமா, என் சைஸுக்கு கெடைக்குமா, அவ்வளவுதான். அதனால நானே எழுதறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

ரெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் வயிறு தொங்கிடுச்சு. வயித்த அமுக்கற நைலான் உள்ளாடை எத்தனையோ வாங்கிப் போட்டேன், எல்லாம் உக்காந்தா சுருண்டு இடுப்புல கயிறு மாதிரி ஆயிடும், சாயங்காலம் கழட்டும்போது தோல்ல செவப்பா கோடு. ஒரு நாள் ஒரு கடையில தொங்கிட்டிருந்த லேடெக்ஸ் ஹை வெய்ஸ்ட் ஜட்டி ஒண்ண தொட்டுப் பாத்தேன், கழுவின நாவப்பழம் மாதிரி வழவழன்னு, இழுத்தா எல்லா பக்கமும் ஒரே மாதிரி நீளுது, விட்டா அப்படியே வந்து ஒட்டிக்குது. நடுவுல ஒரு தையல் கூட இல்ல. இத எப்படி செய்யறாங்கன்னு அன்னிக்கி ராத்திரி பூரா படிச்சேன். ஊசி போட்டா அந்த ஓட்டையிலேர்ந்தே கிழிஞ்சு போகுமாம், அதனால தைக்க மாட்டாங்க, ஷீட்ட வெட்டி பசை போட்டு ஒட்டறாங்க, இல்லன்னா அச்ச ரப்பர் பால்ல முக்கி எடுக்கறாங்க.

மொத தடவ நான் செஞ்ச தப்ப சொல்லணும். சைஸ் பொய் சொன்னேன். யார் கிட்டயும் இல்ல, ஆர்டர் போடற எடத்துல. சின்ன வயசுலேர்ந்து கல்யாண வீட்டுக்கு போனா 'என்னம்மா வெயிட் போட்டுட்ட' ன்னு கேக்கற ஆண்டிங்க நடுவுல வளந்தவ, இடுப்பு எத்தனைன்னு கேட்டா எப்பவும் ரெண்டு இஞ்ச் கொறச்சுத்தான் எழுதுவேன், பழக்கம் ஆயிடுச்சு. துணி அத மன்னிச்சு விட்டுடும், தையல் பிரிச்சு விடலாம், ஹூக் தள்ளிப் போடலாம். லேடெக்ஸ் மன்னிக்காது. 110 வெள்ளி, அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற, வந்த அன்னிக்கே இழுத்து ஏத்தும்போது தொடைப் பக்கம் நகம் பட்டு சர்ருன்னு கிழிஞ்சுது. பாத்ரூம்ல உக்காந்து அழுதேன், காசுக்காக மட்டும் இல்ல.

அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு டேப் எடுத்து கண்ணாடி முன்னாடி நின்னு அளந்தேன். மார்பு, மார்புக்கு கீழ, இடுப்பு, தொப்புளுக்கு கீழ வயிறு, பின்பக்கம், தொடை, முன்னாடியிலேர்ந்து பின்னாடி வரைக்கும் கால் நடுவுல. மூச்ச இழுத்துப் பிடிக்காம, சாப்பிட்ட பிறகு. எல்லா எண்ணையும் ஒரு நோட்டுல எழுதினேன், இடுப்பு 38, பின்பக்கம் 46, வயசு 40 ஆகி மொத தடவையா உண்மையான நம்பர் என் கையெழுத்துல. அளவு சொல்லி செய்யற எடத்துக்கு அந்த நம்பர அப்படியே அனுப்புங்க, இறுக்கத்துக்கு எவ்வளவு கொறைக்கணுமோ அத செய்யறவங்களே கொறச்சுக்குவாங்க, நம்ம கொறச்சா ரெண்டு தடவ கொறஞ்ச மாதிரி ஆயிடும். வந்தத போட்டுப் பாத்தேன், சுருளல, அறுக்கல, வயித்துலேர்ந்து தொடை வரைக்கும் ஒரே அழுத்தமா யாரோ உள்ளங்கைய வெச்சு தாங்கிப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. மொதல்ல ஜில்லுன்னு இருக்கும், ரெண்டு நிமிஷத்துல உடம்பு சூட்டுக்கு வந்துடும், அதுக்கப்புறம் போட்டிருக்கறதே மறந்து போகும்.

தடிமன் பாத்து வாங்குங்க. 0.4 மில்லிமீட்டர்தான் சாதாரணமா செய்யறது, சீக்கிரம் கிழியாது, தாங்கும். 0.25 ரொம்ப மெல்லிசு, புடவைக்குள்ள தெரியாது ஆனா கவனமா போடணும். ஆரம்பிக்கறவங்க 0.4 எடுங்க. குளோரினேட் பண்ணதான்னும் கேளுங்க, அப்படி பண்ணா மேல்பாகம் வழுக்கும், பவுடர் இல்லாமயே ஏறும். இல்லன்னா வாசனை இல்லாத பவுடர் கொஞ்சம், இல்லன்னா சிலிகோன் எண்ணெய் ரெண்டு சொட்டு. சிலிகோன் மட்டும்தான். தேங்கா எண்ணெய், நல்லெண்ணெய், வாஸ்லின், பாடி லோஷன் எதுவும் பக்கத்துல வரக்கூடாது, ரப்பர ஊறவெச்சு இளக்கிடும். நம்ம வீட்டுல தலைக்கு எண்ணெய் வெக்காத நாள் ஏது, அதனால நான் எண்ணெய் வெச்ச அன்னிக்கி தொடவே மாட்டேன். இன்னொண்ணு, வெள்ளிக்கெழம குத்துவிளக்கு தேச்சுட்டு கைய சரியா கழுவாம என் கிரீம் கலர் பிராவ எடுத்து மடிச்சு வெச்சேன், அடுத்த வாரம் பாத்தா விரல் பட்ட எடமெல்லாம் பழுப்பு கறை. பித்தளை, செம்பு ரெண்டும் லேடெக்ஸுக்கு ஆகாது, அந்தக் கறை போகவே போகாது.

புழுக்கம் பத்தி நேர்மையா சொல்றேன். லேடெக்ஸ்ல காத்து போகாது, வேர்வை காயாது. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழம மத்தியானம் அத போட்டுட்டு தேக்காவுக்கு போனேன், சிராங்கூன் ரோட்டுல கூட்டத்துல ஒரு மணி நேரம் நடந்ததுல வேர்வை தொடை வழியா வழிஞ்சு செருப்பு வரைக்கும் வந்துடுச்சு, ராத்திரி இடுப்பு பூரா வேர்க்குரு. நம்ம ஊரு வெயிலுக்கு வெளிய போட இது தோதுப்படாது. ஏர்கான் இருக்கற எடத்துல, ரெண்டு மூணு மணி நேரம், அதுதான் என் கணக்கு. கால் மரத்துப் போனாலோ எரிஞ்சாலோ அப்பவே கழட்டணும். எனக்கு வெள்ளைப்படுதல் இருந்த ஒரு மாசம் பூரா தொடவே இல்ல, பருத்திதான் போட்டேன், ஈரமும் சூடும் சேந்தா அது இன்னும் அதிகமாகும்.

நான் அத போட்டுட்டுப் போன ஒரு நாள் மட்டும் சொல்றேன். பதவி உயர்வுக்கு இன்டர்வியூ, மூணு பேர் முன்னாடி உக்காரணும். முன்னாடி ரெண்டு தடவ போயி கைப்பைய மடியில வெச்சு வயித்த மறைச்சுட்டே பேசினவ நான். அன்னிக்கி உள்ள கருப்பு லேடெக்ஸ், மேல சாதாரண பேண்ட் சட்டை, யாருக்கும் தெரியாது. பைய கீழ வெச்சேன். முதுகு நிமிந்து இருந்துச்சு, கை ரெண்டும் மேஜை மேல. பேசி முடிச்சு வெளிய வந்தப்பதான் கவனிச்சேன், நாப்பது நிமிஷத்துல ஒரு தடவ கூட சட்டைய கீழ இழுத்து விடல. உடம்பு ஒண்ணும் மாறல, அதே 38, அதே 46. வீட்டுக்காரருக்கு தெரியும், உனக்கு புடிச்சா போட்டுக்கோன்னாரு, ஆனா இது அவருக்காக இல்லன்னு அவருக்கும் தெரியும்.

கழட்டறதுக்கு ஷவர் கீழ நில்லுங்க, விளிம்புல தண்ணி உள்ள போனா தானா நழுவும். வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் மைல்டான சோப், உள்ளயும் வெளியவும் அலசி நெழல்ல தொங்க விடணும். மூங்கில் கம்புல மாட்டி ஜன்னலுக்கு வெளிய நீட்டவே கூடாது, பக்கத்து வீட்டுக்காரங்களுக்காக சொல்லல, வெயில் பட்டா ரப்பர் கெட்டுடும். ஈரமா இருக்கும்போது வெளுத்த மாதிரி தெரியும், பயப்படாதீங்க, காஞ்சா சரியாயிடும். கருப்பையும் வெளிர் கலரையும் ஒண்ணா மடிச்சு வெக்காதீங்க, சாயம் ஏறிடும்.

பதில், செங்காங்கிலிருந்து

அக்கா, நீங்க எழுதினத படிச்சு எனக்கும் சொல்லணும்னு தோணுச்சு, ஆனா என் கதை வேற மாதிரி. 29 வயசு. சின்ன வயசுலேர்ந்தே வாழப்பழம், அவகாடோ சாப்பிட்டா வாய் உள்ள அரிக்கும், அம்மா 'உனக்கு பிடிக்கலன்னு சாக்கு சொல்ற' ம்பாங்க. பாத்திரம் கழுவற ரப்பர் க்ளவுஸ் போட்டா மணிக்கட்டு தடிக்கும். ரெண்டையும் நான் சேத்துப் பாக்கவே இல்ல. போன வருஷம் ஆசையா ஒரு லேடெக்ஸ் பிரா வாங்கி போட்டேன், இருபது நிமிஷத்துல மார்பச் சுத்தி தட்டு தட்டா வீங்கிடுச்சு, மூச்சும் கொஞ்சம் இழுத்துச்சு, என் சொந்த அக்காதான் டாக்சில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனா. டெஸ்ட் எடுத்து லேடெக்ஸ் அலர்ஜின்னு சொன்னாங்க, ரப்பர் பால்ல இருக்கற புரோட்டீனும் அந்த பழங்கள்ல இருக்கற சிலதும் ஒரே சாயல்ல இருக்குமாம், கிவி, பப்பாளி கூட சிலருக்கு அப்படியாம். இப்ப பல் டாக்டர் கிட்ட போனாலும் மொதல்ல இத சொல்லிடறேன். வாங்கணும்னு நெனக்கறவங்க பலூன் ஊதும்போது உதடு அரிச்சிருக்கா, பழத்துக்கு வாய் அரிக்குமான்னு யோசிச்சுப் பாருங்க, இருந்தா டாக்டர பாத்துட்டு அப்புறம் வாங்குங்க. நான் இப்ப பளபளன்னு இருக்கற, ரப்பரே இல்லாத இழுவைத் துணில வாங்கி போடறேன். அதுவும் அழகாத்தான் இருக்கு, ஆசைய விட வேண்டியது இல்ல.

பதில், ஜூரோங் வெஸ்ட்

தையல் வேலை செய்யறேன், 56 வயசு. கிழிஞ்சத தூக்கிப் போடாதம்மா. சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டற மாதிரிதான், அதே தடிமன்ல ஒரு துண்டு ஓரம் வளைச்சு வெட்டி, ரெண்டு பக்கமும் பவுடரும் சிலிகோனும் இல்லாம சுத்தமா தொடச்சு, ரப்பர் பசை மெல்லிசா தடவி, கொஞ்சம் காய விட்டு, உள்பக்கமா வெச்சு அழுத்து. மூலை கூரா வெட்டினா அங்கேர்ந்து பிரியும். என் மருமகளோடது நான் அப்படித்தான் ஒட்டினேன், அவ கூச்சப்பட்டா, நான் படல.

மறுபடியும் ஈசூன்

செங்காங் தங்கச்சி, நீ சொன்னத நான் மொதல்லயே எழுதியிருக்கணும். வேலைக்கு சேந்த புதுசுல பவுடர் போட்ட லேடெக்ஸ் க்ளவுஸ்தான், கை செவந்து தடிச்சு போன கூட வேல செஞ்சவங்கள பாத்திருக்கேன், அந்த பவுடரோட சேந்து ரப்பர் புரோட்டீனும் காத்துல பறக்கும். 2017ல அமெரிக்காவுலயே பவுடர் க்ளவுஸ தடை பண்ணிட்டாங்க. உடம்ப பாத்துக்கோ. ஜூரோங் அக்கா, அந்த கிழிஞ்சத இன்னும் வெச்சிருக்கேன், ஒட்டிப் பாக்கறேன்.

இன்னொரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். போன மாசம் அம்மா வந்து தங்கினாங்க. நான் பாத்ரூம்ல காயப் போட்டத எடுக்க மறந்துட்டேன். வெளிய வந்து திட்டுவாங்கன்னு நெனச்சு நின்னேன், அவங்க அத கையில எடுத்து மூக்கு கிட்ட வெச்சு பாத்துட்டு, 'இது ரப்பர் பால் வாசமாச்சே' ன்னாங்க. எங்க பாட்டி ஜொகூர்ல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடி நெத்தியில வெளக்கு கட்டிட்டு போயி, உளியால பட்டைய சீவி, பால் பிடிக்க மங்குன்னு ஒரு கிண்ணம் வெச்சு, வெயில் ஏறினா பால் நின்னுடும்னு ஓடி ஓடி வெட்டினவங்க, தோள்ல கட்டை வெச்சு ரெண்டு பக்கமும் வாளி தூக்கினவங்க. பாட்டி சட்டையில ஒட்டுப்பால் காஞ்சு போயி கழுவவே முடியாதாம், அம்மா சின்னப் பிள்ளையில அந்த சட்டைய கட்டிப் பிடிச்சுத்தான் தூங்குவாங்களாம். 1877ல 22 ரப்பர் கன்னு இந்த ஊருக்கு வந்து எறங்கினதும், 1888ல பூமலைக்கு, அதான் தாவரவியல் பூங்காவுக்கு, பொறுப்பா வந்த ரிட்லி மரத்த சாகடிக்காம வெட்டற வழிய கண்டுபிடிச்சதும் நான் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், ஆனா என் இடுப்புல இருக்கறதும் அந்த மரத்துப் பால்தான்னு எனக்கு அதுவரைக்கும் தோணல.

அம்மா அத திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. எவ்வளவு மெல்லிசா செஞ்சிருக்கான் பாருன்னாங்க. அப்புறம் அத பழையபடி ஜன்னல் பக்கம் மாட்டாம, உள்பக்கம் கதவுக்குப் பின்னாடி மாட்டிட்டு, 'வெயில் படற எடத்துல போடாத, பிசுபிசுன்னு ஆயிடும்' ன்னு சொல்லிட்டு சமையக்கட்டுக்கு போயிட்டாங்க.