மறு: அடிபட்ட மானைத் தேடிப் போற நாய்க்குக் கலைச்சொல்

எல்லாருக்கும் வணக்கம்,

வேட்டையில குண்டு பட்டும் விழாம ஓடிப்போன மானை மோப்பம் பிடிச்சுத் தேடுற நாய்க்கு, டாக்குமென்டரி சப்டைட்டில்ல போடத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு ஆரம்பிச்ச இழை ரொம்ப நீண்டுடுச்சு, ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு சொல்லைப் போட்டுட்டுப் போயிட்டீங்க, ஆனா அந்த நாய் காட்டுல உண்மையில என்ன வேலை பார்க்குதுன்னு யாரும் பேசல, அதைப் பேசாம பேர் வச்சா ஒட்டாதுங்கிறது என் எண்ணம். அதனால வந்த சொல்லை எல்லாம் மேற்கோள் போட்டு வரிசையா எழுதுறேன், நீளத்தைப் பொறுத்துக்கோங்க.

> ஜெர்மன்ல ஷ்வைஸ்ஹுண்ட்னு சொல்றாங்க, மெஷின்ல போட்டா "வியர்வை நாய்"னு வருது. அதையே வச்சுக்கலாமா?

வேணாம் அக்கா. மெஷினைக் குறை சொல்ல முடியாது, ஷ்வைஸ்னா சாதாரண ஜெர்மன்ல வியர்வையேதான். ஆனா அங்க வேட்டைக்காரங்களுக்குன்னு ஒரு குழூஉக்குறி இருக்கு, பொற்கொல்லர் பொன்னைப் பறின்னு சொல்றதா இலக்கண வகுப்புல படிச்சோமே அந்த ரகம். அதுல விலங்கோட உடம்பை விட்டு வெளிய வந்த ரத்தத்துக்குப் பேர்தான் ஷ்வைஸ். இதை அப்படியே தமிழாக்கினா நாய்க்கு வேர்க்குதான்னு கேப்பாங்க.

> மோப்ப நாய்ங்கிற சொல்லே இருக்கே, போதாதா?

போதாதுங்க. மோப்ப நாய்னதும் தமிழ் வாசகர் மனசுல வர்றது போலீஸ் நாய். "மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச் சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை"ன்னு பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருக்கோம்! வெடிகுண்டு, கஞ்சா, திருட்டு எல்லாத்துக்கும் அந்தப் பேர் போயாச்சு. பொதுப் பேரா இருக்கட்டும், இதுக்குன்னு தனியா ஒண்ணு வேணும்.

> வேட்டை நாய்?

இது இன்னும் மோசம். நமக்கு வேட்டை நாய்னா சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம். அதுங்க இரையைக் கண்ணால பார்த்து ஓடிப் பிடிக்கிற சாதி, கால் நீளம், வேகம்தான் மூலதனம். நாம பேர் தேடுற நாய் அதுக்கு நேர் எதிர். துப்பாக்கி வெடிச்சு, மான் அடிபட்டு, ஆனா விழாம காட்டுக்குள்ள போய் மறைஞ்ச பிறகுதான் அதைக் கூப்பிடுறாங்க. பத்து மீட்டர் வாக்குல நீளக் கயிறு கழுத்துல, தலையைத் தரையோட வச்சுக்கிட்டு நடை வேகத்துல போகுது, பின்னாடி ஆள் கயிறைப் பிடிச்சுக்கிட்டுப் புதருக்குள்ள குனிஞ்சு வளைஞ்சு போறார். அவசரப்படுற நாய் இந்த வேலைக்கு லாயக்கில்ல. ஜெர்மனியில ஹனோவர் நாய்க்கு 1894லயும் பவேரிய மலை நாய்க்கு 1912லயும் தனித்தனியா சங்கமே வச்சு இதுக்காகவே வளர்த்துட்டு வர்றாங்க.

> குருதிமோப்ப நாய்

இழையில அதிக ஓட்டு இதுக்குத்தான், எனக்கு அதிக மறுப்பும் இதுலதான். கேட்க நல்லா இருக்கு, ஆனா நாய் ரத்தத்தை மட்டும் மோந்துக்கிட்டுப் போறதில்ல.

குண்டு பட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். சுட்டவர் அங்க ஒரு கிளையை ஒடிச்சு நட்டு வச்சிருப்பார். நாய்க்காரர் வந்ததும் முதல்ல முட்டி போட்டு உட்கார்ந்து அந்த இடத்தைப் பார்க்கிறார். குண்டு அறுத்த முடி கிடக்கும், அது நீளமா குட்டையா, கருப்பா வெள்ளையான்னு பார்த்தா உடம்புல எந்தப் பக்கம் பட்டதுன்னு ஒரு ஊகம் கிடைக்கும். ரத்தம் வெளிர் சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், மான் பக்கத்துலயே விழுந்து கிடக்கும். கருஞ்சிவப்பா இருந்தா ஈரல். பச்சையா இரைப்பைச் சக்கை கலந்து நாத்தமா இருந்தா வயித்துல பட்டிருக்கு. எலும்புச் சில்லு கிடந்தா கால். இதுல வயித்துல பட்ட மானைத் தேடி உடனே ஓடக்கூடாதுங்கிறதுதான் முதல் பாடம். மணிக்கணக்கா காத்திருக்கணும், சாயங்காலம் சுட்டிருந்தா பல சமயம் மறுநாள் விடிஞ்சுதான் கிளம்புவாங்க, ஏன்னா விட்டு வச்சா அது பக்கத்துலயே படுத்துடும், துரத்தினா எழுந்திரிச்சு எங்கயோ போயிடும், அப்புறம் தேடுறது பெரும்பாடு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வயித்துல பட்ட மானுக்குப் பல சமயம் ரத்தம் வெளிய சிந்துறதே இல்ல, கொழுப்போ குடலோ ஓட்டையை அடைச்சுக்கும். முதல் கொஞ்ச தூரம் ரெண்டு துளி, அப்புறம் ஒண்ணுமே இல்ல. ராத்திரி மழை பெஞ்சா அந்த ரெண்டு துளியும் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் நாய் போகுது, எப்படி? மான் மிதிச்ச மண்ணு, நசுங்கின புல்லு, குளம்புப் பிளவுக்கு நடுவுல இருக்கிற சுரப்பியோட வாசனை (ரோ மான், வெள்ளைவால் மான் மாதிரி வகைகளுக்கு அது உண்டு), இது எல்லாம் சேர்ந்த அந்த ஒரு மானோட தடத்தைப் பிடிச்சுத்தான் போகுது. அதே பாதையில நல்லா இருக்கிற மான் நாலு குறுக்க போயிருந்தாலும் நல்ல நாய் மாறிப் போகாது, வேலையில கஷ்டமான பகுதியே அதுதான்.

பரீட்சையைப் பார்த்தாலே இது தெரிஞ்சிடும். ஜெர்மனியில இந்த வேலைக்கு ஒரு தேர்வு இருக்கு, ஆயிரம் மீட்டர் தடம், அதுக்குத் தெளிக்க அனுமதிக்கிற ரத்தம் மொத்தமே கால் லிட்டர், தெளிச்சு 20 மணி நேரமோ 40 மணி நேரமோ ஆறவிட்டுத்தான் நாயை விடுவாங்க. இன்னொரு வகைத் தேர்வுல மான் குளம்பையே அடியில மாட்டின ஒரு செருப்பைப் போட்டுக்கிட்டு ஆள் நடந்து தடம் போடுறார், அங்க ரத்தம் இன்னும் குறைச்சல். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர் ரத்தம், அதுவும் காய்ஞ்சு போனது. இதைத் தொடர்ந்து போற நாய்க்குக் குருதின்னு பேர் வச்சா, படிக்கிறவங்க சொட்டுச் சொட்டா ரத்தம் கிடக்கும், அதைப் பார்த்து நாமளே போயிடலாமே, நாய் எதுக்குன்னுதான் கேப்பாங்க.

அதனால நான் சொல்றது ரெண்டு சொல். கண்ணுக்குத் தெரியிற ரத்தச் சொட்டுக்குக் குருதித்தடம். அடிபட்ட ஒரு விலங்கு விட்டுட்டுப் போற மொத்த வாசனை வழிக்குக் காயத்தடம். குருதித்தடம் அறுந்துபோன இடத்துலயும் காயத்தடம் இருக்கும், மனுஷன் முன்னதோட நின்னுடுவான், நாய் பின்னதைப் பிடிச்சுப் போகும். நாய்க்குக் காயத்தட நாய். அந்த வேலைக்குக் காயத்தடத் தேடல், ஒரே கட்டுரையில திரும்பத் திரும்ப வந்தா தடந்தேடல்னு சுருக்கிக்கலாம்.

> பின்தேடல்னு வச்சா ஜெர்மன், ஸ்வீடிஷ் ரெண்டுக்கும் நேரா பொருந்துதே?

பொருந்துது தம்பி, அவங்க சொல் எல்லாமே "பிறகு தேடுறது"ங்கிற அமைப்புதான். ஆனா தமிழ்ல தனியா பின்தேடல்னு பார்த்தா எதுக்குப் பின்னாடின்னு தெரியல, ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல தொலைஞ்ச மாட்டைத் "தடம் பார்த்துப் போய்" பிடிச்சோம்னுதான சொல்றாங்க, தடம் நம்ம வாயில இருக்கிற சொல், அதை விட எனக்கு மனசில்ல.

> மீட்பு நாய்

இதுக்கு ஒரே வரி: இடிபாட்டுல ஆளைக் காப்பாத்துற நாய்க்கு அந்தப் பேர் போயாச்சு. அதுவும் இல்லாம மீட்புன்னா மானைத் தூக்கிட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டப் போறாங்கன்னு நினைச்சுக்குவாங்க. இங்க கடைசியில நடக்கிறது வேற, உயிரோட இருந்தா இன்னொரு குண்டு போட்டு வேதனையை முடிச்சு வைக்கிறாங்க. அந்தக் கடைசிக் குண்டுக்குக் கருணைச்சூடுன்னு யாரோ போட்டிருந்தீங்க, எனக்கு அந்தக் கருணை கொஞ்சம் உறுத்துது, சுட்டதும் அவங்கதான! கடைவேட்டுன்னு சாதாரணமா இருக்கட்டும்.

> கெடுதி

பேராசிரியர் ஐயா போட்ட இந்தச் சொல்லைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துட்டேன். தெரியாதவங்களுக்காக: குறிஞ்சிப்பாட்டுல தலைவன் வேட்டை நாய்ங்களோட வர்றான், நாய்ங்க வளைச்சுக்கவும் பொண்ணுங்க பயந்து நடுங்குறாங்க, அவன் பக்கத்துல வந்து "இறந்த கெடுதியும் உடையேன்"னு சொல்றான். இறந்தன்னா செத்த இல்ல, இந்தப் பக்கம் கடந்து போன. கையை விட்டுத் தப்பிப் போன விலங்குதான் கெடுதி. பொண்ணுங்க பதில் சொல்லல. உடனே "கெடுதியும் விடீஇர் ஆயின் எம்மொடு சொல்லலும் பழியோ"ன்னு அடுத்த கேள்வி, அதாவது மானைப் பத்திச் சொல்லலேன்னா போகட்டும், என்கூட ரெண்டு வார்த்தை பேசினா குத்தமா! அகத்துறையில இதுக்குக் கெடுதி வினாதல்னு பேரே இருக்கு, தொல்காப்பியக் களவியல்லயும் "ஊரும் பேரும் கெடுதியும்"னு வருது. பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு வேணும்னதும் அடிபட்டுப் போன விலங்கைத் தேடி வந்தேன்னு சொல்றது கேக்குறவங்க நம்புற காரணமா இருந்திருக்கு பாருங்க, அப்ப அது அன்னாட வழக்கமாத்தான் இருந்திருக்கணும்.

ஆனாலும் ஐயா மன்னிக்கணும், இன்னைக்குக் கெடுதின்னா தீங்கு. கெடுதி நாய்னு எழுதினா வீட்டுக்கு ஆகாத நாய்னு அர்த்தமாயிடும், அடிக்குறிப்பு போட்டுக் காப்பாத்த முடியாது. சங்க இலக்கியக் கட்டுரையில வரட்டும், டாக்குமென்டரி சப்டைட்டில்ல வேணாம். அடிபட்டுத் தப்பின விலங்குக்கு "அடிபட்ட மான்", "அடிபட்ட பன்னி"ன்னு நேரா சொன்னாலே போதும், எல்லாத்துக்கும் ஒரு கலைச்சொல் வேணும்னு சட்டமா என்ன.

> இந்தியாவுல வேட்டையே தடை, இந்தச் சொல் யாருக்கு?

நியாயமான கேள்வி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் நம்ம காட்டுல பொழுதுபோக்கு வேட்டைங்கிற பேச்சே கிடையாது, வேண்டவும் வேணாம். ஆனா வெளிநாட்டுல பல இடத்துல இந்த நாய் வச்சிருக்கிறது வேட்டைக்காரர் இஷ்டம் மட்டும் இல்ல, கடமையும்கூட, அதை மொழிபெயர்க்கும்போது சொல் தேவைப்படுது. ஸ்வீடன்ல எல்க் மாதிரி பெரிய விலங்கைச் சுடப் போனா, அடிபட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள இந்தப் பயிற்சி பெற்ற நாய் அந்த இடத்துக்கு வந்து சேர்ற மாதிரி ஏற்பாடு இருக்கணும்னு விதி. ஜெர்மன் வேட்டைச் சட்டம் அடிபட்ட விலங்கைத் தவிர்க்கக்கூடிய வேதனையில விடக்கூடாதுன்னு சொல்லுது. அமெரிக்காவோட நியூயார்க் மாநிலத்துல 1970கள்ல ரத்தத்தடத்துக்கு நாயைப் பயன்படுத்தவே தனி அனுமதி வாங்கித்தான் சோதிச்சுப் பார்த்தாங்க, 1986லதான் சட்டப்படி சரின்னு ஆச்சு, மானை நாய் வச்சுத் துரத்துறதுக்குத் தடை இருந்ததால இதையும் அதோட சேர்த்துப் பார்த்துட்டாங்க. பாருங்க, துரத்துற நாய்க்கும் தடம் பார்க்கிற நாய்க்கும் வித்தியாசம் தெரியாம அங்கயே குழப்பம் நடந்திருக்கு. இது போக ரோட்டுல கார்ல அடிபட்டுக் காட்டுக்குள்ள போன மானைத் தேடவும் இதே நாயைத்தான் கூப்பிடுறாங்க, அதனால பேர்ல வேட்டைங்கிற சொல் இல்லாம இருக்கிறது நல்லதுதான்.

இன்னும் சில சில்லறைச் சொல். அடிபட்ட மான் வழியில படுத்து எழுந்த இடத்துக்குக் காயக்கிடை, ஆட்டுக்கிடைன்னு சொல்றோமே அந்தக் கிடை. குண்டு பட்ட இடத்துக்குக் "குண்டு பட்ட இடம்"தான். நாய் தடத்தை விட்டுட்டா ஆள் அதைத் தெரிஞ்ச கடைசி இடத்துக்குக் கொண்டுவந்து வட்டமடிச்சுத் தேட வைப்பார், அதுக்கும் வட்டமடிக்கிறதுன்னாலே போதும்.

ஒண்ணுக்கு மட்டும் எனக்கு எதுவும் தோணல. சில நாய்ங்களைக் கயிறு இல்லாம விட்டுத் தேட வைக்கிறாங்க, கழுத்துப் பட்டையில ஒரு சின்னத் தோல் துண்டு தொங்கும், செத்துக் கிடக்கிற மானைக் கண்டுபிடிச்சா நாய் குரைக்காம அந்தத் துண்டை வாயில கவ்விக்கிட்டு ஆள்கிட்ட திரும்பி வரும், வாயில துண்டு இருந்தா கிடைச்சாச்சுன்னு அர்த்தம், அப்புறம் அதுவே ஆளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டும். ஜெர்மன்ல பிரிங்ஸெல்ங்கிறாங்க. கவ்வுதோல், சேதித்தோல்னு எழுதி எழுதி அடிச்சுட்டேன், ரெண்டும் செருப்புக்கடை வாசனை அடிக்குது. யாருக்காவது நல்லதா தோணினா போடுங்க, பேராசிரியர் ஐயா குறிப்பா நீங்க.