இலவசம் சரி, எந்த வார்டு?

வைகைக்கரை: "தமிழ்நாட்டுல திருநங்கைகளுக்கு வைத்தியத்துல ஒரு குறையும் இல்ல, சும்மா புலம்புறாங்க"ன்னு பொருநைச்செல்வன் நேத்து எழுதியிருக்கார். என் தோழிக்கு டெங்கு. ஓ.பி. சீட்டு போடுற இடத்துலயே "ஆம்பளையா பொம்பளையா"ன்னு சத்தமா கேட்டு வரிசையே திரும்பிப் பார்த்துச்சு. அட்மிஷன்னதும் ஆண் வார்டுக்குப் போகச் சொன்னாங்க. அவ காய்ச்சலோட வீட்டுக்கே வந்துட்டா. எந்த வார்டுல படுக்கணும், சொல்லுங்க சார்.

பொருநைச்செல்வன்: 2008லயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைச்ச மாநிலம் இது. நாட்டிலேயே முதல். அரசு ஆஸ்பத்திரியில பால்மாற்று ஆபரேஷன் இலவசம். தெரிஞ்சுட்டுப் பேசுங்க.

வைகைக்கரை: ஆபரேஷனா கேட்டேன்? காய்ச்சல் சார், காய்ச்சல். எந்த வார்டு?

சட்டப்புள்ளி: திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லாரும்) உரிமைகளைப் பாதுகாக்கிற 2019 மத்திய சட்டத்துக்கு 2020ல வந்த விதிகள்லயே ரெண்டு வருஷத்துக்குள்ள தனி வார்டு வேணும்னு இருக்கு. மத்திய அரசு 2022ல ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல திருநருக்கு வருஷம் 5 லட்சம் காப்பீடும் அறிவிச்சுது. அதை ஏன் யாரும் சொல்லல?

பொருநைச்செல்வன்: வந்துட்டார் டெல்லி வக்கீல். காப்பீடு நாங்க 2009லயே கொடுத்தது. உங்க ஆயுஷ்மான் திட்டமே 2018லதான் முழிச்சுது.

சட்டப்புள்ளி: தேர்தல் நேரத்துல என்கிட்ட வாங்கினது இன்னும் ஆறல போல.

கதிர்_திருநம்பி: எல்லாரும் திருநங்கைன்னே பேசுறீங்க. பெண்ணாப் பிறந்து ஆணா வாழுற என்னை மாதிரி திருநம்பிங்க? தாடி மீசையோட மகளிர் நோய் ஓ.பி.யில உக்காந்து பாருங்க. வயித்து வலியைப் பொறுத்துக்கிட்டு வீட்லயே கிடக்கலாம்னு தோணும்.

வைகைக்கரை: தெரியும் தம்பி. முதல்ல இவர் பதில் சொல்லட்டும். எந்த வார்டு?

பொருநைச்செல்வன்: ஒரு நர்ஸ் செஞ்சதுக்கு அரசைத் திட்டாதீங்க. எங்க அக்காவும் நர்ஸ்தான். நைட் டூட்டியில அவங்க படுற பாடு உங்களுக்குத் தெரியுமா?

வைகைக்கரை: நர்ஸை யார் திட்டினா? திருநர்னாலே ரத்ததானம் கூடாதுன்னு 2017ல வழிகாட்டுதல் போட்டது நர்ஸா? ரத்தத்தைச் சோதிக்கிறதுக்கு முன்னாடியே ஆளையே ஒதுக்கிட்டாங்க. மேல இருக்கறவங்களே அப்படி எழுதினா, சீட்டு போடுறவர் எப்படிப் பேசுவார்?

பொருநைச்செல்வன்: ரத்தம் டெல்லி விதி. எங்களைக் கேக்காதீங்க.

சட்டப்புள்ளி: நல்லதுன்னா சென்னை, கெட்டதுன்னா டெல்லி!

வைகைக்கரை: ரெண்டு பேரும் ஊர்ச் சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. பெண்ணா மாற இலவசமா ஆபரேஷன் செஞ்ச அதே அரசாங்கம், காய்ச்சல்னு போனா ஆண் வார்டைக் காட்டுது. அவ இனிமே எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கறா. மருந்துக்கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்கறா. இதுக்குப் பதில் சொல்லுங்க.

பொருநைச்செல்வன்: 2008. நாட்டிலேயே முதல். வேற மாநிலம் ஒண்ணு காட்டுங்க, அப்புறம் பேசறேன்.

சட்டப்புள்ளி: அந்த 5 லட்சத்தைப் பத்தி இன்னும் ஒருத்தரும் வாயத் திறக்கல, பார்த்துக்கோங்க.