சேனநாயக்க சமுத்திரம் எண்ட பெரிய குளத்தில ஆனை நீந்தினது (எங்கட குடும்பக் குழு)

சுதன்: இங்கினியாகலையில நிக்கிறம், வெள்ளனவே போட் எடுத்தாச்சு. தீவில இருந்து மத்தத் தீவுக்கு ஆனை நீந்திப் போகுது, தும்பிக்கையும் மண்டையும் மட்டுந்தான் மேல தெரியுது, ரெண்டு பெரிசு ஒரு குட்டி, குட்டிய நடுவில விட்டுத்தான் போகுதுகள். வீடியோ பொறகு போடுறன் சிக்னல் இல்ல

சுமதி மாமி: பெத்தா சொல்றா கிட்டப் போகாதயாம் மனே, குட்டி இருக்கக்குள்ள தாய் பொல்லாதது

சுதன்: ஓம் மாமி, போட்காரர் இஞ்சின நிப்பாட்டிட்டு தூரத்திலதான் நிண்டாரு

நிரோ: குளத்துக்கு நடுவில தீவு எப்பிடி அண்ணா?

சுதன்: அதெல்லாம் பழைய மேட்டு நிலம் தங்கச்சி. பட்டிப்பளை ஆத்த, அதான் கல்லோயாவ, மறிச்சுக் கட்ட முதல் அது பள்ளத்தாக்குக் காடு, 1949ல வேலை தொடங்கி தண்ணி ஏற ஏற பள்ளமெல்லாம் தாண்டு மலை உச்சிகள் மட்டும் மிஞ்சிட்டு. இப்ப அதுல பறவைகள் கூடு கட்டுது

காந்தன் மாமா: பாக்க வடிவுதான். போன போகம் நம்மட வயல் வட்டையில ரெண்டு ஏக்கர் நெல்லு, கதிர் வாற குடலைப் பருவம், ஆனை மிதிச்சிட்டுப் போயிட்டு. விடிய விடிய வாடியில காவல் கிடந்தவனுக்குத்தான் அந்த வயித்தெரிச்சல் தெரியும்

சுதன்: நட்டம் பெரிசுதான் மாமா. ஆனா அந்தக் காடு இல்லாட்டி வட்டைக்கு தண்ணி ஏது? 1954ல கல்லோயா தேசியப் பூங்கா ஆக்கினதே குளத்துக்கு தண்ணி வாற காட்டைக் காப்பாத்தத்தான். மலைச்சரிவில மரம் போனா மண் கரைஞ்சு வந்து குளம் தூந்திரும்

காந்தன் மாமா: அத நான் மறுக்கல்லடா. பதுளைக்கு கிழக்கால மலையில தொடங்கி 108 கிலோமீற்றர் ஓடி வாற ஆறு, அந்தத் தண்ணியிலதான் நம்மட சோறு. விரட்டப் போடுற ஆனவெடிக்கு பழகின ஆனை அடுத்த நாளும் வரும், வேலிக் கரண்ட ஒழுங்காப் பாத்தா அதுவும் தப்பும் நாங்களும் தப்புவம்

சுமதி மாமி: நில்கல காட்டுப் பக்கம் போனா கொஞ்சம் நெல்லிக்காய் கொண்டா மனே

சுதன்: பூங்காவுக்குள்ள ஒண்டும் பிடுங்கேலா மாமி. ஆனா பாக்கணும் நீங்க, ஆள் உயரப் புல்லு, அதுக்குள்ள அங்க ஒண்டு இங்க ஒண்டா நெல்லி, கடுக்காய், தான்றி. காட்டுத்தீ வந்தாலும் தடிச்ச பட்டையால தாங்கி நிக்கிற மரங்கள்

சுமதி மாமி: பெத்தா திருப்பித் திருப்பி கேக்கிறா, குட்டி கரை ஏறிட்டா?

சுதன்: ஏறிட்டு எண்டு சொல்லுங்க, ஏறின கையோட மண்ணள்ளி முதுகில போட்டுட்டு நிக்கிது